கரண்ட் வருதா?

காவிரி கடலைத் தொடும் பூம்புகாரிலும் அதற்குத் தெற்கே தரங்கம்பாடியிலும் நெடுங்காலம் கட்டுமரத்தில்தான் மீன்பிடித் தொழில். அதில் கயிறு தளர்ந்தால் கண்ணுக்கே தெரியும். எஞ்சின் வந்த பிறகுதான் கண்ணில் படாத பழுது கரையேறியது.

1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் உருவாக்கிய அவுட்போர்டு எஞ்சின் தமிழகக் கரையில் பரவ வெகுகாலம் ஆனது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது எஞ்சின்களும் பெருகின.

பழைய எஞ்சின்களில் ஃப்ளைவீல் காந்தம் சுழன்று மின்சாரம் தரும், பாயிண்ட் எனும் தொடுமுனை அதைத் துண்டித்துப் பொறியெழுப்பும். உப்புக்காற்றில் பாயிண்ட் கறுக்கும், செம்புக் கம்பியில் பச்சை பூக்கும். பிளக்கைக் கழற்றி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தில் பதித்துக் கயிற்றை இழுத்தால் பாதி விடை கிடைத்துவிடும். நீலப்பொறி பளிச்சென்று வந்தால் கோளாறு பெரும்பாலும் எரிபொருளில். வராவிட்டால் முதலில் ஸ்டாப் சுவிட்ச் வயரைப் பிரிக்க வேண்டும். சுவிட்சுக்குள் உப்புநீர் இறங்கினால் மின்சாரம் அங்கேயே எர்த் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலைப் பார்க்க வேண்டும். அழகான வரிசை இது, அவசரப்பட்டுக் காயிலை மாற்றினால் வீண் செலவு.

மண்ணெண்ணெய் எஞ்சினில் தொல்லை அதிகம். பெட்ரோலில் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயால் கரி படிந்த பிளக்கில் மின்சாரம் கரிவழியே கசிந்துவிடும்.

பின்னாளில் சிடிஐ எனும் மின்னணுப் பெட்டி வந்து பாயிண்ட்டை ஒழித்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய அதில் எதுவுமில்லை. போனால் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.