காரணி உண்டா என்ற கேள்வி: பள்ளி இயற்கணிதப் பயிற்சி குறித்து

பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்துவது பெருக்கலைப் பின்னிருந்து செய்வது. பெருக்குவதற்கு விதி உண்டு. விதிப்படி போனால் விடை வந்தே தீரும். திரும்பி வருவதற்கு அப்படி ஒரே பாதை பள்ளிக் கணிதத்தில் கிடையாது. பொதுக் காரணியை வெளியே எடுக்கலாம், உறுப்புகளைக் குழுவாகச் சேர்க்கலாம், முற்றொருமையைப் பொருத்திப் பார்க்கலாம், நடு உறுப்பைப் பிரிக்கலாம், காரணித் தேற்றத்தின்படி எண்களை இட்டுப் பார்க்கலாம். எது பொருந்தும் என்பதை மாணவர் முதலில் தீர்மானிக்க வேண்டும். சில கோவைகளுக்கு எதுவுமே பொருந்தாது. காரணிப்படுத்தலில் கடினமான பகுதி இந்தத் தீர்மானம்தான். வழக்கிலுள்ள பயிற்சி அதை மாணவரிடம் விடுவதே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பயிற்சியை ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். தில்லியின் கிழக்கே, யமுனையைத் தாண்டி, நொய்டா எல்லையை ஒட்டியிருக்கும் மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. சுற்றுவட்டாரத்துப் பெரும்பாலான பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான். பல ஆண்டுகளாக வழக்கில் இருந்த என்.சி.இ.ஆர்.டி. நூல்களின் வரிசை இது: எட்டாம் வகுப்பில் பொதுக் காரணி, குழுவாக்கம், முற்றொருமைகள், ஒன்பதாம் வகுப்பில் நடு உறுப்பைப் பிரித்தல், காரணித் தேற்றம், பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க அதே கருவிகள். பாடச்சுமையைக் குறைத்தபோது, வர்க்கத்தை நிரப்பித் தீர்க்கும் முறை பத்தாம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் பள்ளித் தீர்வுகளில் காரணிப்படுத்தலின் பங்கு இன்னும் கூடியிருக்கிறது.

மாணவர் சறுக்கும் இடத்தை ஒரு கணக்கில் காணலாம். மாறியை ம என்று குறித்து 6ம² + ம − 12 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கினால் −72. பெருக்கற்பலன் −72, கூட்டுத்தொகை 1 என வரும் எண்கள் 9, −8. நடு உறுப்பைப் பிரித்தால் 6ம² + 9ம − 8ம − 12. முதல் இரண்டிலிருந்து 3ம வெளியே வர, 2ம + 3 மிஞ்சும். அடுத்த இரண்டில்தான் சிக்கல். −4ஐ வெளியே எடுத்தால் உள்ளே 2ம + 3 நிற்க வேண்டும். பழக்கத்தில் 2ம − 3 என்று எழுதிவிட்டால் இரு அடைப்புகளும் ஒத்துவராது. அப்போது சிலர் பிரித்த எண்களையே தவறு என்று எண்ணி முதலிலிருந்து தொடங்குவார்கள். சிலர் அடைப்புகளை வலுக்கட்டாயமாக ஒன்றாக்கிவிடுவார்கள். சரியான விடை (3ம − 4)(2ம + 3). தவறு நடந்தது எண்களைத் தேடியதில் இல்லை, பங்கீட்டுப் பண்பைத் திருப்பிப் பயன்படுத்தியதில். இதே வகைக் கணக்கை இன்னும் இருபது போட்டாலும் அந்த ஒரு வரியைக் குறிவைத்துத் திருத்தாவிட்டால் பிழை அப்படியே தங்கும்.

வழக்கமான பயிற்சித் தாளில் தலைப்பே வழியைச் சொல்லிவிடுகிறது. ‘நடு உறுப்பைப் பிரித்துக் காரணிப்படுத்துக’ என்றால் மாணவர் தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை. கொடுத்த கோவைகள் எல்லாம் காரணிப்படும் என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. உண்மை நிலவரம் வேறு. ம² + பம + ச என்ற வடிவில் ப, ச இரண்டும் 1 முதல் 10 வரையிலான முழு எண்களானால் மொத்தம் 100 கோவைகள். அவற்றுள் முழு எண் கெழுக்களோடு காரணிப்படுபவை 14 மட்டுமே. மீதி 86ஐ மாணவர் பயிற்சித் தாளில் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஆகவே ம² + 5ம + 3 வந்தால், இல்லாத எண்களைத் தேடி நேரத்தைத் தொலைப்பார். தன்மைக்காட்டி, அதாவது ப² − 4ச, இங்கே 25 − 12 = 13; அது முழு வர்க்கம் இல்லை, ஆகவே கோவை முழு எண்களில் காரணிப்படாது. பத்தாம் வகுப்பில் சமன்பாட்டின் மூலங்களுக்காகக் கற்கும் இந்தச் சோதனை ஒன்பதாம் வகுப்புக் காரணிப்படுத்தலுக்கும் அப்படியே உதவும் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டுவது அரிது.

பயிற்சிக் கணக்குகளைக் கலந்து கொடுப்பதன் பயனுக்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் டக் ரோரரும் அவருடைய குழுவினரும் ஏழாம் வகுப்பு மாணவரிடையே, 54 வகுப்பறைகளில் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. பல வகைக் கணக்குகளைக் கலந்து பயின்றவர்கள் பின்னர் வைத்த தேர்வில் சராசரியாக 61 விழுக்காடு எடுத்தனர். வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் 38. கலந்து பயில்வது அந்த நேரத்தில் கடினமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மிரண்டு கைவிட்டுவிடக் கூடாது. எனினும் முதல் நாளிலேயே கலக்கச் சொல்வது மிகை. தொடக்க நிலையில், தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளைப் படிப்பது தாமே முட்டிமோதுவதைவிட நன்று என்று இயற்கணிதப் பாடத்தை வைத்தே சுவெல்லரும் கூப்பரும் 1985இல் காட்டினர். எடுத்துக்காட்டுகள் முன்னும் கலவைப் பயிற்சி பின்னும் வர வேண்டும். டியூஷன் வகுப்புகளில் பெரும்பாலும் முன்னதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெற்றோரின் பணிமாற்றத்தால் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வரும் பிள்ளைகளுக்கு வேறொரு இடறல். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு நூலில் தொகுமுறை வகுத்தல் உண்டு. முப்படிக் கோவைக்கு ஒரு காரணி கிடைத்ததும் கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதி இரண்டே வரியில் ஈவைக் கண்டுவிடுவார்கள். மேற்சொன்ன என்.சி.இ.ஆர்.டி. நூல்களில் நீள் வகுத்தலோ உறுப்புகளைப் பிரித்துக் குழுவாக்குவதோதான் இருந்தது. தொகுமுறை வகுத்தலும் நீள் வகுத்தலும் ஒரே கணக்கீட்டின் இரு எழுத்து வடிவங்கள். வந்த பிள்ளையின் முறையை ‘இங்கே அது கிடையாது’ என்று ஒதுக்குவதைவிட, இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவது வகுப்பு முழுவதற்கும் ஆதாயம்.

சரிபார்ப்பு இன்னொரு குறை. கிடைத்த காரணிகளைப் பெருக்கிப் பார்ப்பது முழுமையான சோதனை. ஆனால் நேரம் பிடிக்கும் என்று மாணவர் தவிர்க்கிறார்கள். ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பது விரைவானது. மேற்கண்ட கோவையில் ம = 1 என்றால் 6 + 1 − 12 = −5; சரியான காரணிகள் (−1) × 5 = −5 தருகின்றன. குறிகள் இடம் மாறிய (3ம + 4)(2ம − 3) தருவது −7. ஓரெண் ஒத்துவந்தால் மட்டும் போதாது. இரு இருபடிக் கோவைகள் வெவ்வேறான மூன்று எண்களில் ஒத்துவந்தால் அவை ஒன்றே. இது வெறும் வகுப்பறைத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். இரு பல்லுறுப்புக் கோவைகள் ஒன்றா என்று எண்களை இட்டுச் சோதிப்பது கணினி அறிவியலில் நிலைபெற்ற முறை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் வெளியிட்ட பகா எண் சோதனையும் ஒரு பல்லுறுப்புக் கோவை முற்றொருமையைச் சரிபார்ப்பதிலேயே நிற்கிறது.

கணினியே காரணிப்படுத்தும்போது மாணவர் ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விகிதமுறு கெழுக்கள் கொண்ட கோவைகளை விரைவாகக் காரணிப்படுத்தும் வழியை லென்ஸ்ட்ரா சகோதரர்களும் லோவாசும் 1982இலேயே தந்துவிட்டனர். விடைக்காக மட்டும் என்றால் பயிற்சி தேவையில்லைதான். ஆனால் எந்த எண்களுக்குள் காரணிப்படுத்துவது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்: ம² − 2 முழு எண்களுக்குள் காரணிப்படாது, √2ஐ அனுமதித்தால் படும். பூச்சியம் இல்லையென்றால் காரணியும் இல்லை என்று மாணவர் நம்புவதும் உண்டு. ம⁴ + 4 எந்த மெய்யெண்ணிலும் பூச்சியமாகாது. ஆனாலும் அதை (ம² + 2)² − 4ம² என்று எழுதினால் (ம² + 2ம + 2)(ம² − 2ம + 2) கிடைத்துவிடும்.

தேர்வு இதையெல்லாம் கேட்பதில்லை என்று ஆசிரியர்கள் மறுக்கலாம். நேரடி வினாக்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. சொற்கணக்குகளில் அப்படியில்லை. மயூர் விஹாரில் ஒரு செவ்வகப் பூங்காவின் நீளம் அகலத்தைவிட 7 மீட்டர் கூடுதல், பரப்பு 1710 சதுர மீட்டர் என்றால், அகலத்தை ம எனக் கொள்ள, ம² + 7ம − 1710 = 0. இங்கே தலைப்பு வழிகாட்டாது. 1710இன் காரணிச் சோடிகளை 1, 2, 3 என்று அடியிலிருந்து தேடுவோர் களைத்துவிடுவர். வேறுபாடு வெறும் 7 என்பதைக் கவனித்தவர் வர்க்கமூலத்தின் அருகே, 41ஐ ஒட்டித் தேடி 38, 45 என்று சீக்கிரம் பிடித்துவிடுவார். தன்மைக்காட்டியை நாடுபவருக்கு 49 + 6840 = 6889, அதாவது 83இன் வர்க்கம்; அகலம் 38 மீட்டர். இரண்டு வழியும் சரி. ஒரே தாளில் இத்தகைய கணக்கு ஒன்று, காரணிப்படாதது ஒன்று, பிழையோடு தீர்த்துக் கொடுத்தது ஒன்று, பழைய பாடத்து முற்றொருமை ஒன்று எனத் தலைப்பில்லாமல் வாரம் ஒருமுறை வைக்கலாம். அதற்குப் பாடத்திட்டத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.