காலா லில்லியும் தோட்டத்துச் சேம்பும்

வெண்சங்கு வாய் விரிந்தாற்போல் மலரும் காலா லில்லி பெயரளவில்தான் லில்லி. பிறப்பால் அது சேம்பின் இனத்தைச் சேர்ந்தது. மேல்நாட்டார் மணவிழாக்களில் ஏந்தும் அம்மலரும், போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் வளர்ந்த சேம்பும் ஒரே குடும்பத்துச் செடிகளாகும். இவ்விரண்டின் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்கின், அழகுக்காக வளர்ந்த செடிக்கும் பசிக்காக வளர்ந்த செடிக்கும் ஏடுகள் அளித்த இடம் எத்துணை வேறுபட்டது என்பது புலனாகும்.

காலா லில்லியின் வெண்பகுதி இதழன்று, மடலாகும். அதன் நடுவே நிற்கும் மஞ்சள் தண்டில்தான் உண்மைப் பூக்கள் நெருங்கி அமைந்துள்ளன. கீழ்ப்பகுதியில் பெண்பூக்களும் மேற்பகுதியில் ஆண்பூக்களும் உள்ளன. சேம்பு பூக்கும்போதும் இவ்வமைப்பையே காணலாம். தொண்டையை அரிக்கும் ஊசி போன்ற நுண்ணிய உப்புப் படிகங்களும் இரண்டிற்கும் பொதுவானவை. சேம்பைப் புளி சேர்த்து நன்றாக வேகவைக்கும் தமிழர் வழக்கம் இவ்வரிப்பை அறிந்து எழுந்ததே. காலா லில்லியோ உண்ணத் தகாதது.

இம்மலரின் தாயகம் தென்னாப்பிரிக்கா. அங்குள்ள சதுப்பு நிலங்களில் தானாகவே வளரும் இதற்கு, டச்சு வழிவந்த குடியேறிகள் பன்றிக்காது என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த பின்னரே இதன் மதிப்பு உயர்ந்தது. 1753-இல் லின்னேயசு இதற்குக் 'காலா எத்தியோப்பிக்கா' எனப் பெயரிட்டார். எத்தியோப்பியா என்றது இன்றைய அந்நாட்டையன்று; ஆப்பிரிக்கப் பகுதிகளை முன்னோர் அவ்வாறு பொதுவாகக் குறித்தனர். 1826-இல் செருமானிய அறிஞர் சுப்ரெங்கல், இத்தாலியத் தாவர நூலார் சாந்தெதெசுக்கி என்பாரின் பெயரால் இதனைத் தனி இனமாக்கினார். இவ்வாறு இதன் ஒவ்வொரு பெயர்மாற்றமும் ஆண்டோடு பதிவு பெற்றுள்ளது.

ஆங்கிலேயர் குளிர்நாடிச் சென்ற மலைகளுக்கு அவர்தம் பூச்செடிகளும் சென்றன. நீலகிரியில் தோட்டங்களிலிருந்து பரவிய இம்மலர், இன்று ஈர நிலங்களில் காட்டுச்செடியாகவே வளர்கிறது. போர்டிக்சனில் அவ்வாறு பரவவில்லை. அதன் காரணம் செடியின் இயல்பிலேயே உள்ளது. காலா லில்லிக்கு ஈரமும் குளிர்ந்த இரவும் வேண்டும். நான்கு அங்குல ஆழத்தில் கிழங்கை நட்டு, மட்கிய எரு இட்டு, நண்பகல் வெயில் படாமல் காத்தல் வேண்டும். வெண்ணிற வகை சேற்றையும் தாங்கும். மஞ்சள், இளஞ்சிவப்பு வகைகளுக்கு நீர் தேங்கலாகாது. பூத்து ஓய்ந்தபின் நீரைக் குறைத்துக் கிழங்கை உறங்க விடுதலும் வேண்டும். ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடும் கடற்கரை ஊரில் அவ்வுறக்கம் வாய்ப்பதில்லை. கிழங்கு எளிதில் அழுகும். அவ்வூரில் இக்குடும்பத்து மலரை விரும்புவோர்க்கு, வெப்பத்தைத் தாங்கும் அந்தூரியமே ஏற்றது.

சேம்பின் நிலை வேறு. தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் அதன் பழைய இருப்பிடங்கள். கரிகாலனின் சோணாட்டு வளம் பாடும் பட்டினப்பாலை, வாழை, கமுகு, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றோடு சேம்பையும் எண்ணுகிறது. மலாய் மக்கள் அதனைக் கெலாடி என்பர். வண்ண இலைச் செடியாகிய கலேடியத்தின் அறிவியற் பெயரும் அம்மலாய்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. ஆதலின் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலாயாவுக்கு வந்த தொழிலாளர், கப்பலிறங்கிய நாட்டில் தமக்குப் பழகிய செடியையே கண்டனர்.

1891-இல் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வழியெங்கும் ரப்பர் பரவியது. தோட்ட நிலம் முழுவதும் கம்பெனிக்குரியது. மரங்களின் எண்ணிக்கை கணக்கேட்டில் ஏறும். தொழிலாளி தனக்கென நட்டுக்கொள்ளச் சட்டம் வகுத்த இடம் சிறிது. குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அஃதாவது ஆறேகால் சென்ட் நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கூட்டு மலாய் நாடுகளின் தொழிற்சட்டம் கூறியது. பள்ளிவயதுப் பிள்ளைகள் பதின்மர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றதும் அச்சட்டமே. தோட்டத் தமிழர் வாழ்வில் காய்கறிக் கொல்லையும் தமிழ்ப்பள்ளியும் ஒரே சட்டத்தின் நிழலில் நின்றன என்பது கருதத்தக்கது.

அக்கொல்லையின் அருமை போர்க்காலத்தில் விளங்கிற்று. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்றுவந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அவ்வரவு அற்றது. ஆடவர் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர்க்கு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சேம்பும் போன்ற கிழங்குகளே சோறாயின. 1945 செப்டம்பரில் பிரித்தானியப் படை போர்டிக்சன் கரையில் இறங்கியதை வரலாற்று நூல்கள் நாளோடு குறிக்கின்றன. அதுவரை அம்மக்களை உயிரோடு வைத்திருந்த கிழங்குப் பாத்திகளுக்கு அத்தகைய குறிப்பு இல்லை.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் குடியிருப்புகளும் எழுந்தன. லயங்களோடு கொல்லைகளும் மறைந்தன. காலா லில்லியின் வரலாற்றைத் தாவர நூல்கள் காத்துக்கொள்ளும். லயத்துச் சேம்பின் வரலாறோ, எந்தப் பாத்தியில் எதை நட்டோம், எப்படி அரிப்பை நீக்கினோம், எத்தனை பேர் உண்டோம் என்று சொல்லக்கூடிய முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. அந்நினைவுகளை மாணவரைக் கொண்டு எழுதிவைக்கும் தமிழாசிரியர், நூலகங்களில் கிடைக்காத ஏடொன்றைத் தம் பள்ளிக்கு ஆக்கித் தந்தவராவார்.