கெடுவும் வாய்தாவும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. சோழர் காலந்தொட்டுப் பல நூற்றாண்டுகளாகப் பொறிக்கப்பெற்ற அவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் நூலாக வெளியிட்டது. அரசியல் வரலாற்றுக்கும் சமய வரலாற்றுக்கும் இத்தகைய சாசனங்கள் பயன்பட்ட அளவுக்குக் கொடுக்கல் வாங்கல் வரலாற்றுக்குப் பயன்படவில்லை என்பது நம் எண்ணம்.

சோழர் காலத்து நந்தா விளக்குக் கொடையை எடுத்துக்கொள்வோம். கொடையாளர் ஆடுகளை அளிப்பார். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு கோயிலுக்கு நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கணக்கு அறிஞர் பலரும் எடுத்துக்காட்டுவது: விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள், ஈடாக நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பதும் பெயர் சுட்டியே எழுதப்பெற்றது. ஆட்டுக்கு மூப்பும் சாவும் உண்டு. கணக்குக்கு அவை இல்லை. பிறக்கும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது இடையரின் பொறுப்பு என்பதே ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரின் உட்பொருள். தவறினால் என்ன செய்வது? தருமாசனத்துக்கு நாள்தோறும் இவ்வளவு பொன் தண்டம் என்று விதிக்கும் சாசனங்கள் உண்டு. தண்டம் இறுத்த பின்னும் விளக்கு முட்டாமல் எரிய வேண்டும் என்று சில சாசனங்கள் சேர்த்துச் சொல்கின்றன. தண்டத்தைக் கட்டிவிட்டுக் கடமையிலிருந்து நழுவும் வழி இதனால் அடைபட்டது.

எழுதி வைப்பதை இத்துணை வலியுறுத்திய மற்றொரு மரபு நம்முடையது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகை பற்றியதன்று, நோன்பு பற்றியதுமன்று. தவணைக் கடன் பற்றியது. குறித்த காலத்துக்குக் கடன்பட்டால் அதை எழுதிக்கொள்ளுமாறும், எழுத்தர் நேர்மையாக எழுதுமாறும், சாட்சிகளை அமர்த்துமாறும் அது பணிக்கின்றது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்புறலாகாது என்பதும் அதிலேயே அடங்கும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்தோர் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். அவ்வழக்கத்தை அண்ணலார் தடுக்கவில்லை; அளவும் எடையும் தவணையும் தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ‘ஸலம்’ எனப்படும் ஒப்பந்தத்தின் அடிப்படை இதுவே.

இதையொட்டி ஃபிக்ஹு அறிஞர்களிடையே எழுந்த விவாதம் ஒன்று இன்றும் சுவையானது. “அறுவடை முடிந்ததும் தருகிறேன்” என்பது தெரிந்த தவணையாகுமா? இமாம் மாலிக் (ரஹ்) அதனை ஏற்றார். ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் ஏற்கவில்லை. அறுவடை முந்தலாம், பிந்தலாம்; நாள் தெரியாத தவணை வழக்கையே விளைவிக்கும் என்பது அவர்தம் வாதம். “தீபம் முடியட்டும், பார்க்கலாம்” என்னும் மறுமொழியை இந்நகரில் கேட்டவர்கள் ஷாஃபிஈ அறிஞர்களின் அச்சத்தை எளிதில் உணர்வர். கார்த்திகை தீபத்துக்குப் பஞ்சாங்கத்தில் நாள் உண்டு. ‘முடியட்டும்’ என்பதற்குத்தான் நாள் இல்லை.

நம் கணக்கேடுகளில் புழங்கும் பாக்கி, வசூல், வாய்தா ஆகியவை அரபு மூலமுடையவை, ரசீது பாரசீகம். பாக்கி எஞ்சியிருப்பது, வசூல் வந்து சேர்வது. வாய்தாவின் வேர் ‘வஃதா’, அதாவது வாக்குறுதி. வாக்குறுதியைக் குறித்த அச்சொல் தமிழில் ஒத்திவைப்பைக் குறிக்கலாயிற்று. மொழி இவ்வளவு நேர்மையாக நம்மைக் காட்டிக்கொடுத்த இடம் வேறில்லை.

இந்தியச் சட்டம் இதில் தாமதமாகவே கண் திறந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் தெளிவான எல்லை வகுத்தது. எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் குறு, சிறு தொழிலுக்குரிய பணத்தை 45 நாள்களுக்குள் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாள்களுக்குள். பதிவு செய்துகொண்டால் தனியே பணிபுரியும் வடிவமைப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும்கூட இப்பாதுகாப்பைக் கோரலாம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி.

இங்கேதான் முஸ்லிம் சிறுவணிகர் தயங்கி நிற்கிறார். உரிமையைக் கேட்டால் வட்டி, கேளாதிருந்தால் இழப்பு. இவ்விடுக்கண் நூல்களில் அறியப்பட்டதே. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்பது ஹதீஸ். கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு 2:280 கூறுகிறது. இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் தர நிர்ணய அமைப்பு (அயோஃபி), தாமதத்துக்காகக் கடன் கொடுத்தவர் தமக்கென மிகைத்தொகை பெறுவதை மறுக்கிறது. எனினும் தாமதித்தால் இவ்வளவு தொகையை அறப்பணிக்குத் தருவதாக வாங்குபவர் முன்கூட்டியே உறுதியளிப்பதை ஏற்கிறது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாகவும் ஒரு பிடி கிடைத்தது. கெடு தாண்டிய தொகையை வாங்கியவர் உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்னும் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வட்டியைத் தொடாமலே இதனை நினைவூட்டலாம்.

திருவண்ணாமலையில் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் ஊரார்க்கெல்லாம் பில் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பவர். அவருடைய பில்லில் மட்டும் தவணை நாள் இருந்ததில்லை. கேட்பது முகத்தை முறிப்பதாகும் என்று எண்ணியிருந்தார். அண்மையில், பொருள் பெற்ற 15ஆம் நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறுவோர் குறித்த தொகையை ஏதேனும் அறப்பணிக்கு அளிக்க வேண்டும் என்றும் இரண்டு வரிகளை அடியில் சேர்த்தார். பழைய வாடிக்கையாளர் இருவர் வருத்தப்பட்டு வேறு அச்சகம் தேடிப் போயினர். மூன்றாமவர் பில்லைக் கையில் வாங்கி, இரண்டு முறை படித்துவிட்டு, “இத்தனை நாளாக இதை ஏன் எழுதவில்லை?” என்று கேட்டாராம்.