அஞ்ஞானம் யாருடையது?

மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குத் தனிச் சன்னதி உண்டு. அவள்பொருட்டுச் சம்பந்தர் பாடிய பதிகம் ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, பூசம் என்று இவ்வூர் விழாக்களை வரிசையாகச் சொல்கிறது. பத்தாம் பாட்டில், அவர் வழக்கப்படியே, சமணரையும் சாக்கியரையும் பழிக்கிறது. பல தெய்வ நம்பிக்கை குறித்த பழஞ்சொற்களை ஆராயப் புகும் நாம் அந்தப் பத்தாம் பாட்டை மறந்துவிடலாகாது. பிறரைப் பழிக்கும் கலையை நமக்கு யாரும் கடல் கடந்து வந்து கற்பிக்கவில்லை.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே சுவாமியும் அம்பாளும். சற்றே நடந்தால் கேசவப் பெருமாளும் தாயாரும். அப்பால் முண்டகக்கண்ணி அம்மன். ஒவ்வொரு சன்னதிக்கும் ஒரு சொல் வைத்திருந்த நம் முன்னோர், அவையனைத்தையும் வணங்குவோரை ஒரே பெயரால் கட்டிவைக்கவில்லை. சைவர் அகச்சமயம், புறச்சமயம் என்று பிரித்தனர். ஆனால் அப்பிரிவுக்குத் தெய்வங்களின் எண்ணிக்கை அளவுகோல் அன்று.

மேலைநாட்டில் நிகழ்ந்தது வேறு. இலத்தீனில் 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்தான். கிறித்தவம் பரவியபின் அச்சொல் பழைய தெய்வங்களை விடாதவனைச் சுட்டலாயிற்று. தமிழுக்கு வந்த மிஷனரிமார் அதற்கு ஈடாகக் கொண்டது 'அஞ்ஞானி' என்பதை. இங்கேதான் பொருள் தடம் மாறியது. சைவ சித்தாந்தத்திலும் வேதாந்தத்திலும் அஞ்ஞானம் முதன்மையாக ஒருவன் தன்னுள்ளே கண்டு நீக்க வேண்டிய இருள். மிஷனரி வழக்கிலோ அது அண்டைவீட்டானின் சமயத்துக்குப் பெயராயிற்று.

1713இல் சீகன்பால்கு தரங்கம்பாடி அச்சகத்தில் 'அக்கியானம்' என்னும் கண்டனச் சிறுநூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அவரே தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதி அனுப்பினார். ஹாலே நகரில் அவருடைய மேலோர், அஞ்ஞானத்தை ஒழிக்கச் சென்றவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அச்சிட மறுத்தனர். 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், அந்நூல் அச்சேறியது நம் சென்னையில்! கண்டிக்கப் புறப்பட்டவர் கற்றுக்கொண்டும் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொன்றும் காண்கிறோம். ஒரே கடவுளைச் சொல்லவும் அவர்களுக்குப் பல தெய்வத்தாரின் சொற்களே தேவைப்பட்டன. 1578இல் கொல்லத்தில் அச்சான சிறுநூலில் 'தம்பிரான்', பிறகு 'சர்வேசுரன்', வேப்பேரியில் வாழ்ந்த பெப்ரீஷியஸுக்குப் 'பராபரன்', 1871இன் வேதாகமத்தில் 'தேவன்', 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. எச்சொல்லும் தன் பழைய உறவை முற்றாகத் துறக்கவில்லை.

கபாலி கோயிலிலிருந்து நடந்தே போகும் தொலைவில் உள்ளது சாந்தோம் பேராலயம். இரண்டிடத்திலும் கேட்கும் சொல் கடவுள். அஞ்ஞானம் என்ற சொல்லை மட்டும் பிறர் வாசலிலிருந்து மீட்டு நம் வாசலில் வைத்துக்கொள்வோமாயின், பத்தாம் பாட்டுக்கும் 1713ஆம் ஆண்டுச் சிறுநூலுக்கும் ஒருங்கே விடை சொன்னவர்களாவோம்.