திருப்புலிவனமும் திராட்சைப் பந்தலும்

உத்தரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் வாழும் நம் சங்கத்து அன்பர் சிலர், சென்ற கூட்டத்தின் முடிவில் எம்மை அணுகி ஒரு வினா விடுத்தனர். "நெல்லும் வேர்க்கடலையும் கைகொடாத இக்காலத்தில், கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தில் திராட்சைப் பந்தல் இட்டால் என்ன? பழம் விலைபோகாவிடின், அதனை வீட்டிலேயே பிழிந்து மதுவாக்கி விற்றால் என்ன?" என்பதே அவ்வினா. அவருள் ஒருவர் பந்தலுக்கென வாங்கும் கடனுக்குக் கையெழுத்திடும் தறுவாயில் இருந்தார். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புதல் முறையன்று என்று கருதி, சரித்திரம் இதற்குக் கூறும் விடையை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். திராட்சை மது தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் அது தமிழர் வடித்ததன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் அருந்திய யவனர் தேறலைக் குறிப்பிடுகின்றார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது முதலியன ஏற்றிவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. கப்பலேறி வந்த அம்மது மன்னரும் செல்வரும் பருகும் அரும்பண்டமாயிருந்ததேயன்றிக் குடியானவன் வீட்டுப் பொருளாயிருந்ததில்லை.

குடியானவன் வீட்டில் வடித்தது வேறு. கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, இல்லில் சமைத்த நெற்கள்ளாகிய தோப்பியைக் கூறுகின்றது. ஆகவே நம் தொண்டை நாட்டில் வீட்டில் மது வடித்தல் பழைய வழக்கமே. நெல்லும் பனையும் இருந்த நாட்டில் அவற்றிலிருந்தே மது பிறந்தது; கொடிமுந்திரியிலிருந்து பிறந்திலது.

அடுத்து, குடித்தவனை ஊர் எங்ஙனம் மதித்தது என்பதையும் நோக்குவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளை நம்மில் பலர் நேரிற் கண்டிருப்பர். வாரியப் பெருமக்களாகத் தகாதவர் யாவர் என்று விரித்துரைக்கும்போது, ஐம்பெரும் பாதகங்களுள் முதல் நான்கினைச் செய்தாரையும் அக்கல்வெட்டு விலக்குகின்றது. மது அருந்துதல் அந்நான்கனுள் ஒன்று. இது ஒரு பிரமதேயச் சபையார் தமக்கென வகுத்த விதி. எல்லா ஊர்க்கும் எல்லா மக்களுக்கும் பொதுவானது என்று கொள்ளலாகாது. எனினும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து யாத்திரிகர், மது அருந்துபவனை இந்நாட்டார் பிணையாளியாக ஏற்பதில்லை என்று எழுதி வைத்துள்ளார். இவற்றால், குடிப்பவன் சொல் சபையேறாது என்னும் கருத்து இந்நாட்டில் வலுப்பெற்றிருந்தமை விளங்கும்.

இனித் திராட்சைக் கொடியின் வரலாற்றுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் தக்காணத்துத் தௌலதாபாத்தைக் கண்ட இபின் பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை பழுப்பதாகக் குறித்துள்ளார். தமிழ்நாட்டிற்கோ 1832ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் பாதிரிமார் வாயிலாகக் கொடி வந்ததென வழங்குவர். பின்னர்த் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பெருகிற்று. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் பந்தல்கள் பரந்தன. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடும் பெற்றது. பாதிரிமார் கொணர்ந்த கொடி உழவன் கைக்கு வந்தபின் உண்ணும் பழமாகவும் பழச்சாறாகவுமே வாழ்வளித்தது என்பதைக் கவனிக்க.

கம்பத்து உழவர் வென்றது எதனால்? மண்ணால் மட்டும் அன்று. கவாத்துக் கத்தியால் என்க. குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வேனில் பிறந்ததும் தானே துளிர்த்துப் பூக்கும். நம் வெப்பநாட்டில் அதற்கு உறக்கமே இல்லை. விட்டுவிட்டால் ஆண்டு முழுதும் இலையும் தண்டுமாய் ஓடுமேயன்றிக் காய்ப்பது அரிது. உழவன் கத்தியே பனிக்காலத்தின் வேலையைச் செய்தல் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம். இபின் பதூதா கண்ட இரு போகத்தின் இரகசியமும் கொடியை உறங்கவிடாத இவ்வெப்பமே.

ஆனால் பழம் தரும் வெப்பமே மதுவுக்குப் பகையாகும். வெயில் மிகுந்தால் பழத்தில் இனிப்பு விரைந்தேறும், புளிப்போ குன்றும். அப்புளிப்பன்றோ மதுவைக் கெடாமற் காப்பது? மதுத் தொழில் வளர்ந்த நாசிக்கும், கருநாடகத்து நந்திமலைச் சாரலும் கடல்மட்டத்திற்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலங்கள். அங்கே இரவு குளிரும். உத்தரமேரூர்ப் பகுதியோ 100 மீட்டருக்கும் தாழ்ந்த சமவெளி. நம் கோடை இரவின் புழுக்கம் நாம் அறியாததன்று.

வீட்டில் வடிப்பதன் இயல்பையும் கூறுவோம். சென்னையில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கெனப் பழமும் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பரணியில் ஊறவைத்து மது செய்வது நெடுநாள் வழக்கம். பரணிக்குள் நிகழ்வது இதுவே: ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு, அதனைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றது. வாயு வெளியேற வழியின்றி இறுக மூடினால் பாண்டம் வெடிக்கும். வெப்பம் 35 பாகையைக் கடந்தால் ஈஸ்ட் தளர்ந்து, சர்க்கரை முற்றும் மாறாமல் நின்றுவிடக்கூடும். பின்னர்க் காற்றுப் பட்டால் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து மதுவைக் காடியாக்கும். பண்டிகைக்கு ஒரு பரணி கெட்டால் மனவருத்தம் மட்டுமே. கடன் வாங்கிய பந்தலின் விளைவு முழுதும் கெட்டால் குடும்பம் என்னாவது?

சட்டமும் குறுக்கே நிற்கின்றது. 1937இல் இராஜாஜியின் ஆட்சியில் பிறந்த மதுவிலக்குச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுதும் பரவிற்று. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பெற்றமையால், யாரும் வடிக்கலாம் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. அச்சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றது. 2024இல் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பெற்றன. திராட்சை மதுவும் அதன்கண் மதுவே. உரிமமின்றி வீட்டில் வடித்து விற்பது குற்றமாகும். சாடியில் ஊறுவது பழச்சாறுதானே என்னும் சமாதானம் நியாயஸ்தலத்தில் செல்லாது.

ஆகவே அன்பர்களே, எமது முடிபு இது. மதுவென்னும் எண்ணத்தை அறவே விடுக. பந்தலென்னும் எண்ணத்தை விடவேண்டுவதில்லை. ஆனால் கடனிலிருந்து தொடங்கற்க. கிணற்றடியில் இரண்டு கொடி நடுக. பந்தலேறிய பின், கத்தி பிடிக்கக் கற்று இரு கவாத்து செய்க. நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அவ்வீரத்தில் இலையடியில் படரும் அடிச்சாம்பல் நோய் கொடியை வாட்டும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைத் தெளித்துப் பார்க்க. ஒரு மழைக்காலத்தையும் புயற்காற்றையும் பந்தல் தாங்கிற்றா என்று காண்க. அதுவரை வரும் பழம் வீட்டுக் குழந்தைகட்கு ஆகட்டும். கம்பத்திற்குச் சென்று அங்குள்ள உழவரிடம் கேட்டு வருதல் அதனினும் நன்று.

உத்தரமேரூர்க் கல்வெட்டு விலக்கியது மது அருந்தினாரை மட்டுமன்று. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரையும், அவர்தம் நெருங்கிய உறவினரையும் அது விலக்கிற்று. ஒருவன் கணக்கின்மையால் அவன் சுற்றமும் தலைகுனிய நேரும் என்பதை அம்முன்னோர் நன்கறிந்திருந்தனர். கல் எத்துணை, கம்பி எத்துணை, மருந்து எத்துணை, வட்டி எத்துணை, கிலோவிற்கு என்ன விலை என்று ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள பெண்டிர்க்கும் காட்டி, அவரும் ஒப்பிய பின்னரே அவ்வன்பர் கடன்பத்திரத்தைத் தொடுவாராக.