அறிமுக இயக்குநர் விருதுகள்

முதல் படத்தை இயக்கியவரின் திறனுக்குத் தரப்படும் விருதும், பெரிய நிறுவனங்களின் துணையின்றிப் படமெடுக்கும் சுயாதீனப் படைப்பாளிக்குத் தரப்படும் விருதும் பல வேளைகளில் ஒன்றாகவே பேசப்படுகின்றன. முன்னது ஒருவரின் தொடக்கத்தை மதிக்கிறது. பின்னது படம் உருவான வழியை மதிக்கிறது. ஆயினும் இரண்டையும் உரசிப் பார்க்கும் உரைகல் ஒன்றே. விருது பெற்ற படம் மக்களைச் சென்று சேர்ந்ததா, அதை எடுத்தவரால் இரண்டாம் படம் எடுக்க முடிந்ததா என்பதே அது. இந்தியாவில் தேசியத் திரைப்பட விருதுகள் 1954இல் தொடங்கின. அறிமுக இயக்குநருக்கான தனிப் பிரிவு, 1980ஆம் ஆண்டுப் படங்களுக்கான 28ஆவது விருதுகளில்தான் சேர்ந்தது. அது நெடுங்காலம் இந்திரா காந்தியின் பெயரைத் தாங்கியிருந்தது.

தனியார் முயற்சிகளில் வரலாறு தெளிவாகக் கிடைப்பது கொல்லப்பூடி சீனிவாஸ் தேசிய விருதுக்கு. தெலுங்கு எழுத்தாளரும் நடிகருமான கொல்லப்பூடி மாருதி ராவின் மகன் சீனிவாஸ், தம் முதல் படமான ‘பிரேம புஸ்தகம்’ படப்பிடிப்பின்போது 1992 ஆகஸ்ட் 12 அன்று விசாகப்பட்டினம் கடலில் மூழ்கி இறந்தார். பாதியில் நின்ற படத்தைத் தந்தையே முடித்தார். 1993இல் வெளியான அப்படத்தின் நாயகன் அஜித்குமார். அவருடைய முதல் படம் இதுவா, அதே ஆண்டில் வந்த ‘அமராவதி’யா என்பதில் குறிப்புகள் மாறுபடுகின்றன. 1990களின் பிற்பகுதியில் மாருதி ராவ் குடும்பத்தார் மகன் பெயரில் விருதை நிறுவி, அவர் மறைந்த நாளிலேயே சென்னையில் வழங்கிவந்தனர். பரிசுத் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். எந்த இந்திய மொழிப் படமானாலும் இயக்குநருக்கு அது முதல் படமாக இருந்தால் போதும். மொழி எல்லை பாராத இந்த வழக்கத்துக்குச் சென்னையில் ஒரு பின்னணி உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று, எல்லைத் தகராற்றின் நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இரு மாநிலங்களுக்கும் இடையே நிலத்தில் எல்லை முடிவானது. ஆனால் சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் தமிழும் தெலுங்கும் அதன் பிறகும் ஒரே கூரையின்கீழ்தான் பேசப்பட்டன. தெலுங்குக் குடும்பமொன்று சென்னையிலிருந்து இந்திய மொழிகள் அனைத்துக்கும் விருது வழங்கியது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி எனலாம்.

இவ்விருதைப் பெற்றவர்களில் ‘தாரே சமீன் பர்’ இயக்கிய ஆமிர் கானும், ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ இயக்கிய கௌரி ஷிண்டேயும் உண்டு. பின்னதன் தமிழ் வடிவில் சிறு வேடமேற்றவர் அஜித்குமார். சீனிவாஸின் ஒரே படத்தில் நடித்தவர், சீனிவாஸ் பெயரிலான விருதைப் பெற்ற படத்திலும் இருக்கிறார் என்பது குறிக்கத்தக்கது. நட்சத்திரங்களும் பெரும் முதலீடும் உள்ள இப்படங்களுக்கு இத்தகைய விருது எதற்கு என்ற ஆட்சேபம் எழக்கூடும். அது சுயாதீன விருதுக்குப் பொருந்தும். அறிமுக விருதுக்கு முழுதாகப் பொருந்தாது. பணம் இருந்தாலும் முதல் படத்தின் பொறுப்பு புதியவரின் தோளில்தான் இருக்கிறது. ஆனால் நட்சத்திரப் படம் விருதின்றியும் மக்களைச் சேரும். விருது வேலை செய்ய வேண்டிய இடம் வேறு.

அதற்குச் சான்று ‘ஆரண்ய காண்டம்’. தணிக்கையில் பல வெட்டுகள் கோரப்பட, மேல்முறையீட்டுக்குப் பின்னரே 2011இல் அது திரைக்கு வந்தது. 58ஆவது தேசிய விருதுகளில் தியாகராஜன் குமாரராஜாவுக்கு அறிமுக இயக்குநர் விருதும், பிரவீன் கே.எல்., என்.பி. ஸ்ரீகாந்த் இருவருக்கும் படத்தொகுப்பு விருதும் கிடைத்தன. குமாரராஜாவின் அடுத்த படமான ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தது 2019இல். இந்த எட்டாண்டு இடைவெளிக்கு விருதைக் குறைகூற முடியாது. கலைஞர் தமக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு. எனினும் விருது மட்டுமே அடுத்த படத்துக்கு வழி திறந்துவிடாது என்பது இதில் தெரிகிறது. ‘மண்டேலா’வுக்காக 68ஆவது விருதுகளில் இதே சிறப்பைப் பெற்ற மடோன் அஸ்வினுக்கு ‘மாவீரன்’ 2023இலேயே அமைந்தது. ஒரே விருது, இரு வேறு விளைவுகள்.

பிற்கால நிகழ்வுகள் சில. படத்தொகுப்பாளர் பீ. லெனின் பெயரில் தமிழ் ஸ்டுடியோ அமைப்பு சுயாதீனப் படைப்பாளிகளுக்கு விருது வழங்கியுள்ளது. 2021இல் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதை வென்றது. அதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது. 2024இல் அவருடைய ‘கொட்டுக்காளி’ வந்தது. அதே ஆண்டு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதிலிருந்து இந்திரா காந்தியின் பெயர் நீங்கியது. பரிசுத் தொகை மூன்று லட்சமாக உயர்ந்தது. முன்பு தயாரிப்பாளரோடு பகிரப்பட்ட தொகை இப்போது இயக்குநருக்கே போகிறது.

இந்த மாற்றம் சரியான திசையில் வைத்த அடி, ஆனால் போதாது. விருதின் கடமை தகுதியை அடையாளம் காட்டுவதோடு முடிகிறது, திரையரங்கு வணிகத்தின் பொறுப்பு என்பர் சிலர். புலி விருது பெற்ற ‘கூழாங்கல்’ திரையரங்குக்கு வராமல் 2023 இறுதியில் இணையத் தளத்தில் வெளியானதே இதற்கு மறுமொழி. அடையாளம் காட்டப்பட்ட படத்தைப் பார்க்க வழியில்லையென்றால், அந்த அடையாளம் சான்றிதழில் மட்டுமே இருக்கும். விருது வழங்கும் அரசும் அமைப்புகளும், வென்ற படத்தைத் திருத்தணி போன்ற ஊர்களின் திரையரங்குகளில் ஒரு வாரமேனும் ஓடச் செய்ய வேண்டும். முதல் படத்துக்குத் தரக்கூடிய முழுமையான மரியாதை அதுவே.