கல்வெட்டில் பெருந்தச்சர்

முன்னோரான கைவினைஞரின் வாழ்வைத் தேடுவோர்க்கு அவர்தம் பெயரே முதற்சான்று. கேரளத்து உளியன்னூர்ப் பெருந்தச்சன், மகன்மேல் உளி வீழ்ந்த துயரக் கதையோடு வாய்மொழி வழக்கில் வாழ்கிறார். தஞ்சைப் பெருந்தச்சர்க்கோ கதையில்லை, கல்வெட்டு உண்டு. 1010இல் நிறைவெய்திய இராசராசேச்சரத்துக் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனையும், நித்தவிநோத, கண்டராதித்தப் பெருந்தச்சர்களையும் குறிப்பிடுகிறது. இப்பெயர்கள் நுணுகி நோக்கத்தக்கன. குஞ்சரமல்லன் என்பது முதற் பராந்தகனின் (907–955) விருதுப்பெயர். நித்தவிநோதன் என்பது முதல் இராசராசனுக்குரியது. கண்டராதித்தர் அவனுக்கு முன் ஆண்ட சோழர். அரசர் பெயரைத் தாங்கிய சிறப்பே இத்தச்சர்களை மறதியினின்று காத்தது. அவர்தம் குடிவழியைத் தேடுவோர்க்கு அதுவே திரையாகவும் அமைந்தது. பெயரில் அவர்க்கே உரியதாக எஞ்சுவது தச்சன் என்னும் தொழிற்சொல் ஒன்றே எனலாம்.